ஐந்தாம் வகுப்பில் ஒரு குழலும் ஒரு சுரத்தாளும்

எட்டயபுரத்தில் 1904ஆம் ஆண்டு ஒரு புத்தகம் அச்சாகி வெளிவந்தது. சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’. தெலுங்கில், ஏறக்குறைய 1,700 பக்கம். முத்துசாமி தீட்சிதரின் இருநூறுக்கும் மேற்பட்ட கீர்த்தனைகள் சுரம், தாளம், கமகக் குறி எல்லாம் போட்டு அதில் இருக்கின்றன. அதற்கு முன் அந்த உருப்படிகள் வேண்டுமென்றால் தீட்சிதர் வீட்டாரிடமோ அவர்களுடைய சீடர்களிடமோ போய் நிற்க வேண்டும். அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். வருடக்கணக்கில் பக்கத்தில் இருந்து பாடம் கேட்க வேண்டும். எழுதி அச்சுக்குக் கொடுங்கள் என்று சுப்பராம தீட்சிதரைத் தூண்டியவர் சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவத் தமிழர். 1890களிலேயே நம் பாட்டுகளை மேல்நாட்டு ஐந்து கோட்டு முறையில் எழுதி அச்சிட்டவர் அவர். எட்டயபுரம் அரண்மனை ஆதரவு கொடுத்தது. பரம்பரைக்கு வெளியே இருப்பவன் கைக்கும் பாட்டு போய்ச் சேர அந்தப் புத்தகம் வழி செய்தது. பின்னால் சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழிலும் கொண்டுவந்தது.

எட்டயபுரத்தைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் இன்று ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைக்கு ஒரு வரி சுரம் படிக்கத் தெரியாது. படிக்கச் சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லை.

நான் உதவிபெறும் பள்ளி ஒன்றில் இசை ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது சனிக்கிழமைகளில் கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்துச் சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். அம்மாமார்கள் பெரும்பாலும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்கள். அப்பாமார்கள் காட்டு வேலை, கொத்து வேலை, லோடு வேலை. இந்தப் பிள்ளைகளோடு பழகியதில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்பை முடிக்கும் எந்தப் பிள்ளைக்கும், முன்பின் கேட்டிராத ஒரு சின்ன மெட்டை, எழுதியிருப்பதைப் பார்த்து, ஓர் எளிய குழலில் தானாக வாசிக்கத் தெரிய வேண்டும். அதைக் கற்றுத்தருவது அரசுப் பள்ளியின் வேலை.

“எதற்குத் தாள்? காதால் கேட்டுப் படிப்பதுதானே நம் முறை?” என்று கேட்கிறவர்கள் எனக்கு நெருங்கியவர்களே. வித்வான்கள், என்னோடு படித்தவர்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. கோவில்பட்டியில் வாழ்ந்த காருக்குறிச்சி அருணாசலம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோடு கூடவே இருந்து வாசித்து வாசித்துப் பெற்ற வித்தை எந்தத் தாளிலும் ஏறாது. ஆனால் அந்த வித்தைக்கு ஒரு ராஜரத்தினம் பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும். குருவின் வீட்டுத் திண்ணையில் காலையும் மாலையும் உட்காரக் கொடுத்துவைத்தவனுக்குக் காது மட்டும் போதும். என் வகுப்புக்கு வருகிற பிள்ளைக்கு வாரத்தில் ஒரு மணி நேரம்தான் நான் கிடைக்கிறேன். மீதி நாட்களில் அவளோடு இருக்கப்போவது அந்தத் தாள் ஒன்றுதான். குரு இல்லாத வீட்டுக்குத்தான் தாள் அவசரமாக வேண்டும். இது பலருக்கு உறைக்கவில்லை. எழுதிப் படிப்பது வசதியுள்ள பிள்ளைகளின் வழி, கேட்டுப் படிப்பது ஏழையின் வழி என்று தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.

எந்தக் கருவி என்பது அடுத்த கேள்வி. மூங்கில் புல்லாங்குழல் எனக்கு உயிர். ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் உதட்டில் அது சொல் பேச்சு கேட்பதற்குப் பல வாரம் ஆகும். காற்று துளையின் விளிம்பில் சரியாக வெட்டுப்பட்டால்தான் நாதம். அதற்குள் தலை சுற்றும், பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். கீபோர்டு விலை அதிகம், கரண்டோ பேட்டரியோ வேண்டும், நாற்பது பேருக்கு நாற்பது வாங்க முடியாது. ரிக்கார்டர் என்று ஒரு குழல் இருக்கிறது. இசைக்கருவிக் கடையில் பிளாஸ்டிக்கில் கிடைக்கும். கிளாரினெட் போல நேராகப் பிடித்து ஊதுவது. திருவிழாவில் கழியில் செருகி விற்பார்களே, வாயில் வைத்ததும் சத்தம் வரும் மூங்கில் ஊதல், அதே அமைப்புதான். காற்றை விளிம்புக்குக் கொண்டுபோகும் வேலையைக் குழலே செய்துவிடும். வித்தியாசம், இதில் சுருதி சுத்தம். வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விரல் வைக்கும் முறையில் பரோக் என்றும் ஜெர்மன் என்றும் இரண்டு வகை உண்டு. ஜெர்மன் வகையில் ஒரு சுரம் சுலபமாகத் தெரியும், அதற்கு விலையாக வேறு சுரங்கள் பிசகும். பரோக் வகையையே வாங்குங்கள்.

வகுப்பு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். குழல் கைக்கு வருவதற்கு முன்பே ஸ, ரி, க மூன்றையும் பாடியாக வேண்டும். பாடாததை ஊதக் கூடாது என்பது என் சட்டம். ஹங்கேரியில் கொடாய் தன் நாட்டுப் பள்ளிகளுக்கு வகுத்த வழியும் குரல் முதலில், கருவி பிறகு என்பதுதான். அதன் பிறகு இடது கை மேலே, வலது கை கீழே. பிள்ளைகள் பெரும்பாலும் மாற்றித்தான் பிடிப்பார்கள், அதை முதல் நாளே திருத்தாவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு. பின்பக்கத் துளையைக் கட்டைவிரலாலும் முன்பக்கம் மேலிருந்து மூன்று துளைகளை மூன்று விரல்களாலும் மூடினால் ஐந்து கட்டை சுருதி. அதை ஸ என்று வைத்துக்கொள்கிறோம். மோதிர விரலை எடுத்தால் ரி. நடுவிரலையும் எடுத்தால் க. விரல் எடுக்க எடுக்கச் சுரம் ஏறும். காற்றை அழுத்தி ஊதினால் குழல் கீச்சிடும். ‘தூ’ என்று காதோடு காதாகச் சொல்வது போன்ற மூச்சு போதும். ஒவ்வொரு சுரத்துக்கும் நாக்கு அந்த ‘தூ’வைச் சொல்ல வேண்டும்.

சத்தம் ஏன் சரியாக வரவில்லை என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. துளைகளை அழுத்தி மூடி, மூன்று எண்ணிவிட்டு, விரல்களைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். விரல் நுனியில் துளையின் அச்சு பதிந்திருக்கும். முழு வட்டம் பதிந்திருந்தால் துளை சரியாக மூடியிருந்தது. அரை வட்டம் என்றால் அந்த விரலில்தான் காற்று ஒழுகுகிறது. இதற்கு ஆசிரியை வேண்டாம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவனவன் விரலை அவனவனே பார்த்துக்கொள்ளலாம். தங்கச்சியின் விரலையும் பிடித்துப் பார்ப்பார்கள். ஊதாத நேரத்தில் குழலின் வாய் நாடியில் இருக்க வேண்டும் என்பது அடுத்த பழக்கம். “நாடிக்கு!” என்று சொன்னால் நாற்பது குழலும் வாயை விட்டு இறங்கி நாடியில் நிற்கும், விரல்கள் மட்டும் துளைமேல் இருக்கும். சத்தமில்லாமல் விரல் பழக இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. வகுப்பும் காதைக் கிழிக்காது.

முதல் நாளே பலகையில் எழுதிவிடுகிறேன்.

ஸ ரி க ரி | ஸா | ஸா ||

இதைப் படிக்க நான் புதிதாக ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தமிழ் வகுப்பில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று ஏற்கெனவே படித்திருக்கிறார்கள். ‘ஸ’ ஒரு எண்ணிக்கை, ‘ஸா’ இரண்டு எண்ணிக்கை. முதல் கட்டத்தில் நான்கு, அடுத்த இரண்டு கட்டங்களில் இரண்டிரண்டு. ஆக எட்டு. ஆதி தாளம் முடிந்தது. மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் சொல்லி வைத்த அளவு. தேர்வுக்கு மனப்பாடம் செய்த அந்த வரி இங்கே கைத்தட்டலாக மாறும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். நெடிலுக்கு மேலும் நீட்ட வேண்டுமானால் ஒரு காற்புள்ளி போட்டால் இன்னும் ஒரு எண்ணிக்கை, அரைப்புள்ளி போட்டால் இரண்டு. மேலே கோடு இழுத்தால் வேகம் இரட்டிப்பு. கீழே புள்ளி வைத்தால் மந்திர ஸ்தாயி, மேலே புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி. மேல் புள்ளியைப் பார்த்ததும், “டீச்சர், இது மெய்யெழுத்தா?” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நல்ல கேள்வி. அந்த இடத்தில் நின்று விளக்கிவிட்டுத்தான் நகர வேண்டும். இவ்வளவுதான் நம் சுரக் குறியீட்டின் அரிச்சுவடி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எந்தத் தமிழ்ப் பிள்ளையும் இதற்கு முக்கால் பங்கு தயாராகவே வருகிறது. இந்த முக்கால் பங்கை வீணாக்குவதுதான் என்னை வருத்துகிறது.

மூன்று சுரம் கைக்கு வந்ததும் கீழே இறங்குகிறோம். வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்தால் கீழ் ‘த’. மோதிர விரலும் சேர்ந்தால் கீழ் ‘ப’. இப்போது ப, த, ஸ, ரி, க என்று ஐந்து சுரம். மோகனம். தாலாட்டிலும் கும்மியிலும் சினிமாப் பாட்டிலும் பிள்ளைகளின் காதில் பிறந்ததிலிருந்து இருக்கிற ராகம். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் ஆரம்பப் பாடங்கள் மாயாமாளவகௌளையில் இருக்கின்றன. ஸ ரி க ம என்று ஏறும் இடைவெளிகள்தான் ப த நி ஸ என்பதிலும் அப்படியே திரும்ப வரும். குரலுக்கு இதைவிடக் கச்சிதமான ஏணி கிடைக்காது. சரளி வரிசையை என் பிள்ளைகளும் பாடுகிறார்கள். ஆனால் இந்தக் குழலில் அந்தச் சின்ன ரிஷபத்துக்கு ஒரு துளையைத் திறந்து விட்டு அதற்குக் கீழே உள்ளவற்றை மூட வேண்டும். புதிய விரலுக்கு அது கஷ்டம். சாஸ்திரப்படி இல்லையே என்று என்னிடம் குறைபட்டவர்கள் உண்டு. பாட்டுக்கு மாயாமாளவகௌளை, குழலுக்கு மோகனம் என்று பிரித்து வைத்துக்கொள்வதில் சாஸ்திரத்துக்கு எந்தக் குறையும் வந்துவிடாது என்பது என் பதில்.

படிக்கத் தெரிகிறதா என்பதற்கு நான் வைக்கிற சோதனை ஒன்றே ஒன்று. நான் பாடிக் காட்டாத, ஊதிக் காட்டாத ஒரு வரியைப் பலகையில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். பிள்ளை தாளம் போட்டுப் பார்த்து, மனசுக்குள் பாடிப் பார்த்து, ஊத வேண்டும். தெரிந்த மெட்டை ஊதிக்கொண்டே தாளைப் பார்ப்பது படிப்பு ஆகாது.

சென்ற ஆண்டு ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், தானே நான்கு வரி சுரம் கட்டி எழுதிக்கொண்டு வந்தாள். என்னிடம் காட்டவில்லை. பக்கத்து ஊரிலிருந்து வருகிற தோழியிடம் கொடுத்தாள். அந்தப் பெண் தாளைத் தொடைமேல் வைத்து, முதல் வரியைத் தட்டித் தடவி ஊதினாள். இரண்டாவது வரியின் நடுவில் நிறுத்தி, “இங்கே ஒரு மாத்திரை குறையுதுடி” என்றாள். எழுதியவள் எட்டிப் பார்த்து, விரல் விட்டு எண்ணி, ‘ரி’யை ‘ரீ’ ஆக்கினாள். பிறகு முழுதும் ஊதினார்கள். ஒருத்தியின் தலைக்குள் மட்டும் இருந்த மெட்டு, அவள் வாயைத் திறக்காமலே, இன்னொருத்தியின் குழலில் வந்துவிட்டது. அந்த ஒரு மாத்திரைத் தகராறு எனக்குப் பெரிய விஷயம். பாட்டைப் பற்றிப் பேசவும் வாதாடவும் திருத்தவும் அவர்களிடம் ஒரு பொதுவான அளவு இருந்தது. அரண்மனை ஆதரவில் 1904இல் நடந்த காரியத்தை இரண்டு பெண்கள் காலண்டர் தாளில் செய்துகொண்டார்கள்.

தாளில் கமகம் வராதே என்பது வழக்கமாக வரும் ஆட்சேபம். வராதுதான். தோடியின் காந்தாரத்தை ‘க’ என்று எழுதிவிட்டால் அது தோடியாகிவிடாது. சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்கென்று தனிக் குறிகள் போட்டும்கூட, கேட்ட காதுதான் அதை முழுசாக்க வேண்டியிருக்கிறது. ஆனால் ‘ழ’ என்ற எழுத்தைப் பார்த்து மட்டும் யாரும் அதை உச்சரிக்கக் கற்றதில்லை. அம்மா வாயால் கேட்டுத்தான் கற்றோம். அதற்காக அந்த எழுத்தே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. காதும் தாளும் சேர்ந்தே போகட்டும். பத்து வயதில் ஆரம்பிக்கிற பிள்ளைக்குக் கமகமில்லாத நேர்ச் சுரமே போதும்.

இன்னொரு பக்கம், காதும் வேண்டாம் தாளும் வேண்டாம் என்று ஒரு வழி பரவிவிட்டது. போன் திரையில் கீபோர்டின் கட்டைகள்மேல் வண்ண விளக்குகள் விழும். விழுகிற இடத்தில் விரலை வைத்தால் பாட்டு வரும். கட்டைகள்மேல் ஸ ரி க ம ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு வாரத்தில் பிள்ளை ஒரு சினிமாப் பாட்டை வாசித்துக் காட்டும், பெற்றவர்களுக்குச் சந்தோஷம். போனை எடுத்து வைத்துவிட்டு, அதே பாட்டின் இரண்டாவது வரியிலிருந்து வாசி என்று சொல்லிப் பாருங்கள். விரல் நிற்கும். எந்தச் சுரத்தில் இருக்கிறோம், எத்தனையாவது எண்ணிக்கை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நகரங்களில் கட்டணம் கட்டிப் படிக்கும் வகுப்புகள் சிலவற்றிலும் இதே நிலைதான். தேர்வுக்கு மூன்று உருப்படி, அந்த மூன்றையும் ஒரு வருடம் தேய்ப்பது, சான்றிதழ் வாங்குவது. நான்காவது உருப்படியைக் கொடுத்தால் பிள்ளை ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறது. கற்பித்தலின் நோக்கம் ஆசிரியர் தேவைப்படாத நிலைக்குப் பிள்ளையைக் கொண்டுபோவது என்றால், இவை நேர் எதிர்த் திசையில் போகின்றன.

இரண்டாம் ஆண்டில் ஐந்து கோடுகளைக் காட்டுகிறேன். பெரிய பயமுறுத்தல் எதுவும் இல்லை. சுரம் ஏறினால் புள்ளி மேலே ஏறும், இறங்கினால் இறங்கும். நம் சுர எழுத்தில் இந்தப் படம் கிடையாது. மெட்டின் வடிவம் கண்ணுக்குத் தெரிவது அதன் பலம். சபைப் பாடகர் குழுவில் பாடும் பிள்ளைகள் சிலர் ‘டோ ரே மீ’ என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டு வருவார்கள். டோ எந்தச் சுருதியிலும் உட்காரும், நம் ஸ போலவே. இங்கிலாந்தில் ஜான் கர்வென் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த முறையைப் பரப்பியது சாதாரணத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் பாட்டைப் படித்துப் பாட வேண்டும் என்பதற்காகத்தான். இரண்டு முறைகளுக்கும் நடுவில் பாலமாக எனக்கு உதவுபவை முத்துசாமி தீட்சிதரின் நோட்டு சுர சாகித்யங்கள். கம்பெனிக்காரர்களின் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். சங்கராபரண சுரங்கள், கமகம் கிடையாது, அளவாகச் சின்னவை. ஐந்து கோட்டிலும் எழுதலாம், ஸ ரி க மவிலும் எழுதலாம். ஒரே மெட்டை இரண்டு தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தால் பிள்ளைகள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தாமே படித்துவிடுகிறார்கள். அந்தத் தீட்சிதர் 1835இல் காலமானது எட்டயபுரத்தில். அவருடைய நினைவிடம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய் ஊதச் சொன்னேன்.

இதில் சோறும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். போலீஸ் பாண்டு, ராணுவ பாண்டு எல்லாம் ஐந்து கோட்டைப் படித்து வாசிப்பவை. ராணுவ வாத்தியக்காரர்களுக்கு மத்தியப் பிரதேசத்தின் பச்மரியில் தனிப் பயிற்சி நிலையமே இருக்கிறது. சினிமா ஒலிப்பதிவில் வயலின் வாசிப்பவர் முன்னால் தாளை வைத்தால் அந்த நிமிடமே வாசிக்க வேண்டும். தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குப் போன இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் அந்த எழுத்தைக் கற்றார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியபோது வாசித்த கலைஞர்களிடம் அவர் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒவ்வொரு சுரமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. தாளில் இருந்ததை அவர்கள் வாசித்தார்கள். அதற்காக என் பிள்ளைகள் எல்லோரும் இசையமைப்பாளராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் படிக்கிறவர்கள் எல்லோரும் ராமானுஜன் ஆவதற்காகப் படிக்கவில்லை. கதவு திறந்திருக்க வேண்டும். அது பத்து வயதிலேயே திறக்க வேண்டும்.

வேறு நாடுகள் இதை எப்போதோ செய்துவிட்டன. ஜப்பானில் தொடக்கப் பள்ளிக்கு வந்ததும் ஊதி வாசிக்கும் சின்னக் கீபோர்டு, மூன்றாம் வகுப்பிலிருந்து இதே ரிக்கார்டர். தனி வகுப்புக்குப் பணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும் என்றில்லை, வகுப்பில் இருக்கிற எல்லாருக்கும். வெனிசுவேலாவில் 1975இல் அப்ரேயு தொடங்கிய எல் சிஸ்தேமா ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகளை வாத்தியக் குழுக்களில் உட்கார வைத்தது.

நம் மாநிலத்தில் கருவியும் கட்டமைப்பும் இல்லாமல் இல்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம் என்று மூன்றாண்டுப் படிப்பு, பன்னிரண்டு வயதிலிருந்து சேரலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் அது மாவட்டத் தலைநகரத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைக்குத் தூத்துக்குடி போக ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ். தவிர, பன்னிரண்டு வயதில் இசைப்பள்ளியின் வாசலில் போய் நிற்க, அதற்கு முன்னால் யாராவது அந்தப் பிள்ளைக்கு ஆசையை மூட்டியிருக்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் அந்த யாராவது இல்லை. 2012இல் உடற்கல்வி, ஓவியம், தையல், இசை, கணினி போன்ற பாடங்களுக்கு 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்ச் சம்பளத்தில் எடுத்தார்கள். பின்னால் சம்பளம் உயர்ந்தது. ஆனாலும் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருடா வருடம் தெருவில் உட்காருகிறார்கள். வாழ்க்கைக்கு உத்தரவாதம் இல்லாத ஆசிரியரிடம் போய் நாற்பது பிள்ளைகளின் மூச்சையும் விரலையும் பொறுமையாகத் திருத்து என்று எப்படிச் சொல்வது?

கலைத் திருவிழா நடக்கிறது. நல்லது. பிள்ளைகள் மேடை ஏறுவதைப் பார்க்க எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் போட்டி எதையும் கற்றுக்கொடுக்காது. வெளியே காசு கொடுத்துக் கற்றவனையோ, வீட்டிலேயே கலை இருக்கிறவனையோ அது கண்டுபிடித்துப் பரிசு கொடுக்கும். வாத்திய இசைப் பிரிவில் கீபோர்டோ வயலினோ எடுத்து வருகிற பிள்ளை அதைப் பள்ளியிலா கற்றது? பள்ளி கற்றுக்கொடுக்காததற்குப் பள்ளியே பரிசு கொடுக்கிறது. அந்தச் செலவில் ஒரு பகுதி தொடக்கப் பள்ளியின் குழலுக்குப் போகட்டும்.

இதற்கு வித்வான்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்று யாரும் மலைக்க வேண்டியதில்லை. ஐந்து சுரத்தையும் ஆதி தாளத்தையும் ஒரு பக்கக் குறியீட்டையும் கோடை விடுமுறைப் பயிற்சியில் எந்த வகுப்பாசிரியரும் கற்றுவிடலாம். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துக்காக மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த அரசு இது. அந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது. ஒன்றியத்துக்கு ஓர் இசை ஆசிரியரை நிரந்தரப் பணியில் போட்டு, பள்ளி பள்ளியாகப் போய்வரச் சொன்னால் சந்தேகம் தீர்க்க ஆள் கிடைக்கும். வாரத்தில் இரண்டு பாடவேளை போதும். புத்தகம், பை, செருப்பு, வண்ணப் பென்சில் என்று விலையில்லாமல் கொடுக்கிற பட்டியலில் நான்காம் வகுப்பில் ஒரு குழலைச் சேர்க்க வேண்டும். பள்ளிக்குப் பத்து என்று பொதுவில் கொடுத்துப் பயனில்லை. வாயில் வைப்பது, எச்சில் படுவது. பிள்ளைக்கு ஒன்று, வீட்டுக்கு எடுத்துப்போகிற மாதிரி. வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் பல வருடம் உழைக்கும். தமிழ்ப் பாடநூலின் பின்பக்கத்தில் நான்கைந்து பக்கம் சுரப் பாடம் அச்சாகட்டும். குறில் நெடில் பாடத்துக்குப் பக்கத்திலேயே அது இருப்பது பொருத்தம்.

வரும் ஜூனில் மாநிலம் முழுக்க ஆரம்பிக்க முடியாவிட்டால் ஓர் ஒன்றியத்தில் ஆரம்பிக்கட்டும். எட்டயபுரம் வட்டாரத்தின் தொடக்கப் பள்ளிகளையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு வருடம் கழித்து, கல்வித் துறை அதிகாரி ஒருவர் வகுப்புக்கு வந்து, யாரும் கேட்டிராத எட்டு எண்ணிக்கை ஒரு வரியைப் பலகையில் எழுதிவிட்டு, எத்தனை பிள்ளைகள் ஊதுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும். என் வகுப்பின் பாடத்தாள்கள் முதல் மூன்று சுரத்திலிருந்து நோட்டு சுரம் வரை வரிசையாக எழுதித் தயாராக இருக்கின்றன. கேட்கிற எந்தப் பள்ளிக்கும் நகல் எடுத்துக் கொடுக்கிறேன். ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டுமானால் சனிக்கிழமை தவிர எந்த நாளிலும் வருகிறேன்.